வாரணவாசிக்குப் பிள்ளைகளை நீங்களே கூட்டிப்போங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு உறுப்பினர்களாக இருக்கும் தாய்மார்களுக்கும் தந்தையருக்கும்:

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், காலிப் பணியிடம் என்று கேட்டு வருகிறீர்கள். அவை முதலில் கேட்க வேண்டியவைதான். அவற்றுக்கு அடுத்தபடியாக ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும், ஆலத்தூர் வட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரத்தையும் பார்க்க வேண்டும். பள்ளிச் சுற்றுலாவில் ஒரே பேருந்தில் அடைத்துக் கூட்டிப்போய், வரிசையில் நிறுத்தி நடத்திக்கொண்டு வருவதை நான் சொல்லவில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, அவரவர் பிள்ளையை அவரவரே கையைப் பிடித்துக் கூட்டிப்போவதைச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைக்கு ஓர் அருங்காட்சியகம் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் கட்டடத்தாலோ விளக்கப் பலகையாலோ முடிவாவதில்லை. பக்கத்தில் நிற்கும் பெரியவர் யார், அவர் என்ன பேசுகிறார் என்பதால் முடிவாகிறது. இந்த மடலில் நான் வாதாடப்போவது இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சுமார் பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் இந்த நிலத்துக்குள் ஏறி வந்தது. பல கோடி ஆண்டுகள் முன்னேறியும் பின்வாங்கியும் நின்றது. அதன் அடியில் படிந்த சேறும் மணலும் சிப்பியும்தான் இன்று காரையின் செம்மண் ஓடைகளாகவும் கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லாகவும் கிடக்கின்றன. 1840களிலேயே இங்கிருந்து திரட்டிய புதைபடிவங்கள் லண்டனுக்குப் போய், 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். இந்தப் பாறைகளை அளந்து வகுத்த ஹென்றி பிளான்ஃபோர்டின் அறிக்கை 1862இல் வந்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் இட்ட பிரிவுப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் காரை, கல்லங்குறிச்சி, சில்லக்குடி, கல்லமேடு என்று ஊர் ஊராகப் பாறை அடுக்குகளுக்குப் பெயர் வைத்தார்கள். உங்கள் ஊர்ப் பெயர் திருச்சியிலேயே பலருக்குத் தெரியாது; ஐரோப்பாவின் நிலவியல் துறைகளில் தெரியும். சாத்தனூர்க் கல்மரத்தை 1940இல் கண்டறிந்து சொன்னவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன். 18 மீட்டருக்கு மேல் நீளம். பூக்கும் மரங்கள் பெருகாத காலத்து ஊசியிலை மரம் அது. ஆற்றோடு அடித்து வரப்பட்டு, கடலில் மூழ்கி, சேற்றில் புதைந்து, கட்டைக்குள் மெல்ல மெல்ல சிலிக்கா ஏறிக் கல்லாயிற்று. தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அது காக்கப்படுகிறது. பெரம்பலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் சுருள் ஓட்டுக் கடலுயிரான அம்மோனைட்டுக்கென ஒரு மையமும் இருக்கிறது. வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் படத்தில் பார்ப்பதை உங்கள் பிள்ளைகள் ஒரு டவுன் பஸ் தூரத்தில் பார்க்கலாம்.

பிறகு ஏன் பள்ளிச் சுற்றுலா போதாது என்கிறேன்? 1916இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் மனிதருக்கு வரும் களைப்பு எதனால் என்பது அவர் கேள்வி. ஒருவரை நிறுத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றைப் பார்த்துச் சில கேள்விகளுக்கு விடை சொல்லச் சொன்னார். அந்த ஆள் குனிவதையும் எட்டுவதையும் மண்டியிடுவதையும் படம் பிடித்தார். களைப்புக்குக் காரணம் அறிவுப் பஞ்சமல்ல, முதுகும் கழுத்தும் கண்ணும் படும் பாடு என்று அந்தப் படங்கள் காட்டின. வளர்ந்த ஆளுக்கே அந்த நிலை என்றால் மூன்றடி உயரப் பிள்ளைக்கு? பெட்டியின் விளிம்பு அதன் கண்ணுக்கு மேலே நிற்கும். முன்னால் நிற்கும் பிள்ளையின் பின்னந்தலை நன்றாகத் தெரியும். ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் நாற்பது பேர் என்றால் அவர் செய்யக்கூடியது எண்ணிக்கை சரிபார்ப்பதும், 'தொடாதே, ஓடாதே, நகரு' என்று சொல்வதும்தான். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்ய முடியும். பெற்றோர் கூட இருந்தால் பிள்ளையைத் தூக்கிக் காட்டலாம். ஒரே கல்லின் முன் கால் மணி நேரம் நிற்கலாம். மீதியை விட்டுவிட்டு வெளியே வந்து மரத்தடியில் கட்டுச்சோறு பிரிக்கலாம். எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற கணக்கு வரிசைக்குத்தான் உண்டு, வீட்டாருக்கு இல்லை.

பேச்சு இதைவிட முக்கியம். அமெரிக்காவில் சான் ஹோசே நகரின் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் கெவின் குரோலி, மோரீன் கேலனன் முதலிய ஆய்வாளர்கள் குடும்பங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பதிவுசெய்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். அறிவியல் காட்சிப்பொருள் முன் நிற்கும்போது, இது ஏன் இப்படி நடக்கிறது என்ற விளக்கத்தை மகளுக்குச் சொன்னதைப் போல மூன்று மடங்கு மகனுக்குச் சொன்னார்கள் பெற்றோர். பிள்ளைகளின் கேள்வியில் அந்த அளவு வித்தியாசம் இல்லை. பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே, தாய் தந்தை வாயிலிருந்து வரும் பேச்சிலேயே ஒரு பாகப்பிரிவினை நடந்து முடிந்துவிடுகிறது. இதைக் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. பெற்றோர் பேச்சுக்கு இவ்வளவு எடை உண்டு என்பதற்குச் சான்றாகச் சொல்கிறேன். தராசு ஒரு பக்கம் சாய்வது நம் கையில் இருந்தால் அதை நேராக்குவதும் நம் கையில்தான். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் 1799இல் பிறந்த மேரி ஆனிங், தச்சு வேலை செய்த தந்தையோடு பாறைச் சரிவில் நடந்து புதைபடிவம் தேடக் கற்றுக்கொண்டவர். பன்னிரண்டு வயதை ஒட்டிய பருவத்தில் அவரும் அண்ணனும் கண்டெடுத்த மீன்பல்லி (இக்தியோசார்) என்ற கடல் ஊர்வனத்தின் எலும்புக்கூடு இன்று அறிவியல் வரலாற்றில் இருக்கிறது. அவருக்குப் பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. கூட நடந்த தந்தை இருந்தார். அதே மீன்பல்லி வகையின் எச்சம் நம் ஊட்டத்தூர்ப் பாறையிலும் கிடைத்து, 1879இல் ரிச்சர்ட் லிடெக்கர் அதற்குப் பெயர் வைத்தார். அதைத் தேடிப் போகும் மேரி இங்கே ஏன் பிறக்கக் கூடாது?

'எங்களுக்கே ஒன்றும் தெரியாது, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்வது?' என்று கேட்பீர்கள். இந்தத் தயக்கம் நியாயமானது. பெயர்ப்பலகைகளில் லத்தீன் பெயர்கள் இருக்கும். படித்தவர்களே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு தாண்டிப் போகிற பெயர்கள் அவை. ஆனால் நிலத்தைப் பற்றிய அறிவில் உங்களுக்குக் குறைச்சல் என்று நான் நம்பவில்லை. சின்ன வெங்காயம் எந்த மண்ணில் திரளும், எந்த மண்ணில் அழுகும் என்று பெரம்பலூர் விவசாயிக்குத் தெரியும். செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி ஏன் நிற்கிறது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறவரும், சிமென்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவரும், எந்தச் சுரங்கத்தில் எத்தனை அடிக்குக் கீழே கல் வெளுக்கிறது என்று கண்ணால் கண்டவர்கள். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடு அது. கல்லங்குறிச்சிப் பாறையில் தடித்த சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக அப்படியே இருக்கின்றன. கலியுக வரதராசப் பெருமாளைச் சேவிக்கப் போகும் ஊரின் மண்ணுக்கடியில் சிப்பிப் படுகை. 'அப்பா தினமும் லாரியில் ஏற்றுகிற கல் இதுதான், இது ஒரு காலத்தில் உயிரோடு இருந்த சிப்பி, அதைச் சுட்டுத்தான் நம் வீட்டுச் சுவருக்கு சிமென்ட் வருகிறது' என்று ஒரு தந்தை சொன்னால், அதைவிடச் சிறந்த விளக்கத்தை எந்தப் பேராசிரியரும் தர முடியாது. பாட்டி கூட வந்தால் இன்னும் நல்லது. பூஜை அறையில் வைக்கும் சாலக்கிராமம், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் கல்தான். காரையில் கிடைப்பது அதற்கு உறவு. செம்மறிக் கிடாவின் கொம்பு மாதிரி சுருண்டிருக்கும் அந்த உயிர், பார்வைக்கு நத்தையாகத் தெரிந்தாலும் கணவாய் மீனுக்குத்தான் சொந்தம். இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியைப் பிள்ளை கேட்கும்போது, 'தெரியவில்லை, அங்கே இருக்கிற ஐயாவைக் கேட்போம்' என்று சொல்வதும் ஒரு நல்ல பாடமே. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அந்தக் காலத்து மக்கள் 'செத்த காலேஜ்' என்று அழைத்தார்கள். அதன் கூடங்களை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் எழுத்து வாசனை இல்லாத குடும்பங்கள்தான். லத்தீன் பெயர் யாரையும் வாசலில் தடுக்கவில்லை.

கோடி ஆண்டு என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும் என்பது அடுத்த கேள்வி. எண் விளங்காதுதான். நமக்கும் விளங்குவதில்லை; கேட்டுத் தலையாட்டப் பழகியிருக்கிறோம், அவ்வளவே. கல்மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கோடி ஆண்டு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது கிடக்கும் திருச்சிராப்பள்ளிப் பிரிவுப் பாறையின் வயதை வைத்துப் பார்த்தால் ஒன்பது கோடியை ஒட்டித்தான் வருகிறது. நடுவில் மூன்று கோடி ஆண்டு போன இடம் தெரியவில்லை. பார்க்கிறவர்களில் ஒருவரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சிறு பிள்ளைக்குத் தேவை எண் அல்ல, முன்பின் வரிசை. முன்னால் இங்கே கடல் இருந்தது, பிறகு வற்றியது, அதற்கும் ரொம்பப் பிறகுதான் மனிதர் வந்தார்கள், அதற்கும் பிறகுதான் ராஜேந்திர சோழர் கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் கட்டினார். இந்த நாலு படியை அது நன்றாகவே பிடித்துக்கொள்ளும். தவிர, ஒப்பிட்டுப் பார்ப்பதில் இந்த வயதுப் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். இந்தச் சிப்பியில் வரி இருக்கிறது, அதில் இல்லை; இது வலப்பக்கம் வளைகிறது, அது இடப்பக்கம் என்று அவர்கள் கண்ணில் படுவது நம் கண்ணில் படாது. புதைபடிவ அறிவியலின் அடிப்படையே இந்த ஒப்பீடுதான். உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகு காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் மதிப்பெண் வந்து நடுவில் உட்கார்ந்துவிடும். 'இது பரீட்சைக்கு வருமா?' என்ற கேள்வியோடுதான் பிள்ளை உள்ளே நுழையும்.

அங்கே டைனோசர் இல்லையே, சின்ன இடம்தானே என்பவர்களுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த ஏமாற்றத்துக்குப் பின்னால்தான் இந்த மண்ணின் பெரிய கதை இருக்கிறது. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் 1980களின் இறுதியில் புரூஹத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயரிட்டார்கள். பேருடல் பல்லி என்று பொருள். அதன் கால் எலும்பு ஒன்று மட்டுமே இரண்டு மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டு, பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. உலகில் வாழ்ந்த மிகப்பெரிய நிலவாழ் விலங்குகளின் வரிசையில் அதன் பெயர் அடிபடுகிறது. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. நைந்துபோன நிலையில் இருந்த அவை மழையிலும் ஈரத்திலும் பொடிந்து அழிந்துவிட்டன. எஞ்சியவை கோட்டோவியங்களும் சில பழைய ஒளிப்படங்களும்தான். அது எலும்பே அல்ல, கல்லான மரத்துண்டு என்றுகூடச் சிலர் ஐயப்பட்டார்கள். 2022இல் பழைய படங்களை வெளியிட்ட பிறகே அந்த ஐயம் குறைந்தது. டைனோசர் இல்லை என்பது அருங்காட்சியகத்தின் குறை என்று பார்க்கிறோம். கண்டெடுத்ததைக் காக்க ஓர் இடம் சரியான நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனதன் விளைவு அது. இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொன்னால், பெட்டிக்குள் இருக்கிற ஒரு சிறு சிப்பியை ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அதற்குப் புரியும். பிளாஸ்டிக் டைனோசர் நிற்கும் கேளிக்கைப் பூங்காக்களில் இது கிடைக்காது. அங்கே கட்டணமும் அதிகம். இன்னொன்று: 2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் குளம் தோண்டியபோது உருண்டைக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி பறந்தது. வந்து பார்த்த நிபுணர்கள் முட்டை அல்ல, அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் படிவுகள் என்றார்கள். பத்து வயதுக்குள் நாலு அம்மோனைட்டைக் கண்ணால் பார்த்த ஒரு தலைமுறை வளர்ந்திருந்தால், அந்தச் செய்தி குன்னத்தைத் தாண்டியிருக்காது.

செலவும் நேரமும் உண்மையான தடைகள். அவற்றைப் பேச்சால் தள்ளிவிட முடியாது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒருநாள் என்பது ஒருநாள் கூலி. ஆனால் இதற்கு முழுநாள் வேண்டாம். சிறு பிள்ளைகளின் கவனம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது, நிற்கவும் வேண்டாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்துகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் சீட்டு வேண்டாம். எப்படியும் போகிற பயணத்தோடு இதைச் சேர்த்துக்கொள்ளலாம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை பொதுவாகத் திறப்பது திங்களும் வெள்ளியும்தான். திங்களில் விடுமுறை வந்தால் தரிசனம் முடித்துச் சாத்தனூர் போய்வரலாம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கிளம்புகிற குடும்பம் வாரணவாசியையும் கணக்கில் வைக்கலாம். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அதை மட்டும் மறக்க வேண்டாம்.

பிள்ளைகள் தொட்டு உடைத்துவிடும், கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடும் என்ற அச்சத்தில் பாதி சரி. தொடாமல் பார்க்கச் சொல்வது இந்த வயதின் இயல்புக்கு எதிரானது. 1899இல் நியூயார்க்கின் புரூக்ளினில் உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோதே அதை உணர்ந்து, எடுத்துப் பார்க்கும்படி பொருள்களை வைத்தார்கள். நம்மிடமும் அறிவியல் மதிப்புக் குறைந்த சிப்பித் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒரு தட்டு நிறையப் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கென்றே வைக்கலாம். ஆனால் சாத்தனூரிலும் காரை ஓடைகளிலும் பொறுக்குவது கூடாது. எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் அந்தக் கல் பாதி ஊமையாகிவிடுகிறது. கண்ணில் பட்டால் கைப்பேசியில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அருங்காட்சியகத்தில் சொல்லிவிட்டு வரட்டும். கல்லமேட்டுக் கதையைக் கேட்ட பிள்ளை இதற்கு மறுப்புச் சொல்லாது என்றே நினைக்கிறேன். பெரியவர்களைப் பற்றித்தான் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை.

ஆகவே உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களைப் பதிவேட்டில் எழுதுங்கள். காலாண்டு விடுமுறைக்கோ பொங்கல் விடுமுறைக்கோ முன்பாக, தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் குடும்பங்களை நாலைந்தாகப் பிரித்து, எந்தக் குடும்பம் எந்த ஞாயிற்றுக்கிழமை போவது என்று முடிவு செய்யுங்கள். தாய் தந்தை இருவருமே வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டார் கூட்டிப்போகட்டும். அருங்காட்சியகத் துறைக்கும் இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு மனு அனுப்புங்கள்: பெட்டிகளின் முன் சிறு பிள்ளைகள் ஏறி நின்று பார்க்க மரப்படி, கையில் எடுத்துப் பார்க்க ஒரு தட்டு புதைபடிவம், முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவில் பெரிய எழுத்தில் தமிழ்ப் பலகை. மூன்றும் சேர்ந்தாலும் ஒரு வகுப்பறைக்கு வெள்ளையடிக்கும் செலவு ஆகாது. மனுவின் நகலை மறக்காமல் எடுத்து வையுங்கள். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே கிளம்புங்கள், மகளையும் கட்டாயம் கூட்டிப்போங்கள்.